திருகு பிடித்த இடம்: மார்புச் சுவர் மறுசீரமைப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

மார்புச் சுவரின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு அந்த இடத்தை எதைக் கொண்டு மூடுவது என்று எங்கள் குழு எடுத்த முடிவையும், அது அடுத்த மூன்று ஆண்டுகளில் எப்படிப் போனது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

நோயாளி 46 வயது ஆண். மரவேலை செய்பவர், வலது கைக்காரர். வலது மார்பின் முன்பக்கத்தில், மார்பெலும்பை ஒட்டி, கல் போன்ற வீக்கம். எட்டு மாதமாக மெல்ல வளர்ந்திருக்கிறது. முதலில் பார்த்த மருத்துவர் விலாக் குருத்தெலும்பு அழற்சி என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விலா எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடத்தில் வலியோடு வரும் வீக்கம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அழற்சி தணியும், இது தணியவில்லை.

அப்புறம் வேறொரு மருத்துவமனையில் வீக்கத்தின் மேலே 5 செ.மீ. நீளத்துக்குக் குறுக்காகக் கீறி, ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ‘குருத்தெலும்பு வளர்ச்சி, புற்றா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்று முடிவு வந்தது. அந்தக் காயம் ஆற ஆறு வாரம் ஆனது. ஆறிய தழும்பு அடியில் இருந்த கட்டியோடு ஒட்டிக்கொண்டது. எங்களிடம் வந்தபோது அவர் கவலையெல்லாம் கட்டியைப் பற்றித்தான், தழும்பை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எங்களுக்கோ பின்னால் பாதிச் சிக்கல் அந்தத் தழும்பிலிருந்துதான் வந்தது.

முதலில் பார்த்தது

சிடி ஸ்கேனில் நான்காவது விலாவின் குருத்தெலும்பு இணைப்பில் தொடங்கி ஐந்தாவதையும் பிடித்திருந்த 7 செ.மீ. கட்டி தெரிந்தது. உள்ளே வளையங்களும் வில்களுமாகச் சுண்ணாம்புப் படிவு. குருத்தெலும்பில் பிறந்த கட்டி என்பதற்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து கிடையாது. முதல் சோதனையின் திசு வைத்த கண்ணாடித் தகடுகளை வரவழைத்து மறுபடி பார்த்தோம். கூடவே அதே தழும்பின் வழியாக ஊசி பயாப்சியும் எடுத்தோம். புது வழி திறந்தால் அந்த வழியையும் சேர்த்து வெட்ட வேண்டிவரும் என்பதால் தழும்பையே பயன்படுத்தினோம். விடை: காண்ட்ரோசார்கோமா, அதாவது குருத்தெலும்புப் புற்று, இரண்டாம் தரம். நுரையீரலில் பரவல் இல்லை. மூச்சுத்திறன் சோதனை அவர் வயதுக்கு நன்றாகவே இருந்தது. புகைப்பழக்கம் இல்லை.

மார்புச் சுவர் எலும்பில் தோன்றும் புற்றுகளில் பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது இந்த வகை. வழக்கமான கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் அவ்வளவாக மசியாது. எனவே வெட்டுவதுதான் சிகிச்சை, அதுவும் முதல் முறையே முழுதாக வெட்ட வேண்டும். சுற்றிலும் 4 செ.மீ. நல்ல திசு, மேலும் கீழும் ஒவ்வொரு நல்ல விலா என்பது வழக்கமான இலக்கு. அந்தக் கணக்கில் மூன்றாவது முதல் ஆறாவது வரை நான்கு விலாக்களின் முன்பகுதி, மார்பெலும்பின் வலது ஓரம், மேலே பெரிய மார்புத் தசையின் பெரும்பகுதி, தழும்பைச் சுற்றிய தோல் எல்லாம் போகும். ஏறக்குறைய 13-க்கு 11 செ.மீ. ஓட்டை என்று மதிப்பிட்டோம்.

ஓட்டை 5 செ.மீ.க்கு உள்ளே இருந்தால் பெரும்பாலும் கடினமான பொருள் ஏதும் தேவைப்படாது. முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பு மூடும் இடமாக இருந்தால் 10 செ.மீ. வரைகூட விட்டுவிடலாம். முன்பக்கம் அப்படி இல்லை. இவ்வளவு பெரிய இடத்தை வெறும் தசையால் மூடினால், மூச்சை இழுக்கும்போது அந்த இடம் உள்ளே போகும், விடும்போது வெளியே வரும். இந்த முரண் அசைவால் இருமல் வலுவிழக்கும், சளி தேங்கும், வென்டிலேட்டரிலிருந்து மீள்வது கடினமாகும்.

பொருளைப் பற்றிய கூட்டம்

1983-இல் லெ ரூ, ஷாமா என்ற இரு மருத்துவர்கள் மாற்றுப் பொருளுக்கு இருக்க வேண்டிய நான்கு குணங்களைச் சொன்னார்கள்: முரண் அசைவை நிறுத்தும் விறைப்பு, உடல் ஏற்றுக்கொள்ளும் மந்தத்தன்மை, வேண்டிய வடிவத்துக்கு வளையும் தன்மை, ஸ்கேனில் பின்னால் இருப்பதை மறைக்காத தன்மை. நான்கும் முழுமையாக இருக்கும் பொருள் இன்றுவரை கைக்கு வரவில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது.

முதலில் வந்தது பழைய நம்பகமான வழி: இரண்டு பாலிபுரொப்பிலீன் வலைகளுக்கு நடுவே எலும்பு சிமென்ட், அதாவது மெத்தில் மெத்தாக்ரிலேட். சாண்ட்விச் என்றுதான் எல்லாரும் சொல்வோம். எங்கள் குழுவின் மூத்தவர் இதில் கைதேர்ந்தவர், இதையே செய்யலாம் என்றார். மார்பின் வளைவுக்கு அச்சாகப் பொருந்தும், நல்ல விறைப்பு, எங்கும் கிடைக்கும். இறுகும்போது கடுமையாகச் சூடாகும் என்பதால் மேசையில் வைத்தே வார்த்து, ஆறவிட்டு, பிறகு பொருத்துவார்கள். எனக்கிருந்த தயக்கம் வேறு. விலாக்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் தனித்தனியாக அசையும் இடத்தில் ஒரே பலகையை வைக்கிறோம். ஓரங்களில் தளர்வு, வலி, விரிசல் எல்லாம் வரக்கூடும். அதைவிட முக்கியம், சிமென்டுக்குள் திசு வளராது, ரத்தம் போகாது. கிருமி பிடித்தால் பெரும்பாலும் முழுதாக எடுத்தே ஆக வேண்டும். ஒரு சின்னக் காயம் ஆறவே ஆறு வாரம் ஆனவரிடம் அந்தப் பந்தயத்தில் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, 2 மி.மீ. தடிமன் கொண்ட பிடிஎஃப்இ (டெஃப்ளான் வகைப் பிளாஸ்டிக்) விரிப்பு மட்டும். மென்மையானது, நுரையீரல் அதில் ஒட்டாது. நீரும் காற்றும் கசியாது என்பதால் மார்புக்குள் சேரும் திரவம் தோலடிக்கு வராது. முரசுத் தோல் போல இழுத்துத் தைத்தால் ஓரளவு விறைப்பும் கிடைக்கும். பக்கவாட்டு ஓட்டைகளில் இதை மட்டும் வைத்து நன்றாகப் போனதைப் பார்த்திருக்கிறோம். முன்பக்கம் 13 செ.மீ.க்கு இது போதுமா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. வெறும் பாலிபுரொப்பிலீன் வலையைப் பற்றியும் பேசினோம். அதன் துளைகளுக்குள் திசு நன்றாக வளரும், கிருமியையும் அது ஓரளவு தாங்கும். ஆனால் நுரையீரலோடு ஒட்டிக்கொள்ளும், திரவத்தைத் தடுக்காது.

மூன்றாவது, டைட்டானியத் தகடுகள். விலா இருந்த பாதையிலேயே பாலம் போல வைத்துத் திருகலாம். எடை குறைவு, கையால் வளைக்கலாம், எம்ஆர்ஐ எடுப்பதற்கும் பெரிய தடை இல்லை. பாலங்களுக்கு இடையே வெளி இருப்பதால் மேலே வைக்கும் தசை அடியில் உள்ள விரிப்போடு நேரடியாகப் படியும். மாதங்கள் கழித்துத் தகடு உடைவதும் திருகு கழல்வதும் இதன் அறிந்த குறைகள்.

யாரோ ஒருவர், இளையவர்தான், முப்பரிமாண அச்சில் வார்த்த மார்புக்கூடு என்று ஆரம்பித்தார். 2015-இல் ஸ்பெயினின் சலமாங்காவில் ஒரு நோயாளிக்கு, ஆஸ்திரேலியாவில் அச்சிட்ட டைட்டானிய மார்பெலும்பையும் விலாப் பகுதிகளையும் பொருத்தியது உண்மைதான். ஆனால் அதைச் செய்துவர வாரக்கணக்கில் ஆகும். முன்கூட்டியே அளவெடுத்துச் செய்த பொருள் என்றால், அரங்கில் இன்னும் 2 செ.மீ. வெட்ட வேண்டும் என்று தோன்றும்போது கை தயங்கும். கட்டியின் எல்லைக்குத்தான் பொருள் பொருந்த வேண்டும், பொருளுக்காக எல்லையைச் சுருக்கக் கூடாது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கடைசியில் பிடிஎஃப்இ விரிப்பு, அதன் மேல் நான்காவது, ஐந்தாவது விலாப் பாதைகளில் இரண்டு டைட்டானியப் பாலங்கள், அதற்கு மேல் தோலோடு கூடிய தசை மடல், அதாவது ரத்தக்குழாயோடு இடம் மாற்றி வைக்கும் தசை, என்று முடிவானது. எந்தத் தசை என்பதைப் பிளாஸ்டிக் சர்ஜன் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டார். வயிற்று நேர்தசையை மேலே திருப்ப வேண்டுமானால் மார்பெலும்பை ஒட்டி இறங்கும் ரத்தக்குழாய் வேண்டும், வலது பக்கத்தில் அதை நாங்களே வெட்டிவிடுவோம். மார்புத் தசை பெரும்பாலும் போய்விடும். எனவே முதுகின் அகன்ற தசை. அது போனால் கையைப் பின்னுக்கு இழுக்கும் வலு குறையும். ரம்பம் இழுப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அவரிடம் சொன்னபோது சிறிது நேரம் தன் கையைப் பார்த்தார். “மெஷின் ரம்பம் இருக்குங்க, பாத்துக்கலாம்” என்றார்.

இப்போது கூட்டக் குறிப்பைப் புரட்டினால் ஒன்று உறுத்துகிறது. எந்தப் பொருள் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறோம். அந்தப் பாலத்தின் உள்முனை எதில் ஊன்றும் என்பதற்கு இருக்கும் குறிப்பு ஒரே வரி: ‘மார்பெலும்பு, மூன்று திருகு.’

அரங்கில்

முதலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுத் தசையை அதன் ரத்தக்குழாய்க் காம்போடு உயர்த்தி அக்குளில் பத்திரப்படுத்தினோம். ஓட்டையின் அளவு தெரிவதற்கு முன்பே மடலை எடுக்க வேண்டியிருந்ததால், தோல் பகுதியை மதிப்பிட்டதைவிட 3 செ.மீ. அகலமாக எடுத்தோம். பிறகு மல்லாத்தி, வலது நுரையீரலைச் சுருக்கி வைத்து, கட்டியிலிருந்து தள்ளி மார்பைத் திறந்தோம். உள்ளே விரல் விட்டுப் பார்த்தபோது நுரையீரலின் நடுமடல் கட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்க்கும் ஆசைக்கு இடம் கொடுக்காமல், அந்தத் துண்டையும் ஸ்டேப்ளர் வைத்துச் சேர்த்தே எடுத்தோம்.

உட்பக்கத்தில் கட்டி ஸ்கேன் காட்டியதைவிட மார்பெலும்பை நெருங்கியிருந்தது. எலும்பின் ஓரத்தை, திசுவை உறையவைத்து அறுவையின் நடுவிலேயே பார்க்கும் உடனடிச் சோதனையில் பார்க்க முடியாது. எலும்பு அதற்கு மசியாது, மஜ்ஜையைச் சுரண்டித்தான் அனுப்ப முடியும். சந்தேகத்தின் பலனைக் கட்டிக்குக் கொடுக்காமல், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் அகலத்தில் பாதியை எடுத்தோம். ஓட்டை 14-க்கு 12 செ.மீ. ஆனது.

விரிப்பைத் தைப்பதில் சிரமம் இல்லை. விலா முனைகளிலும் மார்பெலும்பிலும் சிறு துளையிட்டு, கரையாத நூலால் சுற்றிலும் இழுத்துக் கட்டினோம். கீழ்ப் பாலமும் சரியாக உட்கார்ந்தது, இரு முனையிலும் மும்மூன்று திருகு. மேல் பாலத்தில்தான் மாட்டிக்கொண்டோம். மார்பெலும்பில் மீந்திருந்த பட்டை அந்த உயரத்தில் மிகவும் குறுகல். மூன்றாவது திருகுக்கு எலும்பே இல்லை. இரண்டைப் போட்டோம், அதில் ஒன்று வெட்டிய ஓரத்துக்கு அருகே. இறுக்கியபோது பிடித்தது போலத்தான் இருந்தது.

அப்போது எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. பாலத்தை மார்பெலும்பின் குறுக்கே நீட்டி மறுபக்கம் வரை கொண்டுபோகலாம். மேல் பாலத்தையே விட்டுவிட்டு ஒன்றோடு நிறுத்தலாம். அல்லது இரண்டு திருகோடு விடலாம். ஐந்தாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தைக் கையால் அழுத்திப் பார்த்தோம், அசையவில்லை. இரண்டு திருகோடு விட்டோம். அதில் களைப்பின் பங்கும் இருந்தது.

தசை மடலைக் கொண்டுவந்து தகடுகள் முழுதாக மூடும்படி பரப்பி, தோலைத் தைத்து முடித்தோம். அரங்கிலேயே சுவாசக் குழாயை எடுத்தபோது மார்பு இரு பக்கமும் ஒன்றாக உயர்ந்தது. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் கையுறையைக் கழற்றினோம்.

முதல் மாதம்

முதுகுத்தண்டு வழி வலிநீக்கம் நன்றாக வேலை செய்தது. இரண்டாம் நாள் நடந்தார். நுரையீரலிலிருந்து வந்த காற்றுக் கசிவு நான்காம் நாள் நின்றது, மார்புக் குழாயை ஆறாம் நாள் எடுத்தோம். திசு ஆய்வில் எல்லாப் பக்கமும் புற்று இல்லாத விளிம்பு. மிக நெருக்கமானது மார்பெலும்புப் பக்கம், 2.5 செ.மீ. கூடுதலாக எடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தொட்டிருக்காது.

14-ஆம் நாள் மடலின் கீழ் ஓரத்தில் 2 செ.மீ. அளவுக்குத் தையல் விட்டது. கொஞ்சம் கலங்கலான நீர் வந்தது. கல்ச்சரில், அதாவது கிருமி வளர்ப்புச் சோதனையில், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அன்று மாலை குழுவில் யாரும் அதிகம் பேசவில்லை. பிடிஎஃப்இயில் கிருமி இறங்கினால் எடுக்க வேண்டிவரும். இரண்டே வாரத்தில் எடுத்தால், உள்ளே கெட்டியான நார்த்திசு உருவாகியிருக்காது, மார்பு மறுபடி தளர்ந்துவிடும். சில வாரங்கள் தள்ளிப்போனால் கதை வேறு, பொருளைச் சுற்றி உருவாகும் நார் உறையே ஓரளவு சுவராக நிற்கும்.

மறுநாள் அரங்கில் திறந்து பார்த்தோம். நீர் தோலுக்கும் தசைக்கும் நடுவில்தான் இருந்தது. தசை தகட்டின் மேல் அப்பிப் படிந்து முத்திரை வைத்ததுபோல் ஒட்டியிருந்தது. ஓரத்தைச் சுத்தம் செய்து, கழுவி, மறுபடி தைத்தோம். ஆன்டிபயாடிக் நான்கு வாரம் போனது. காயம் ஆறியது. அன்று அவரைக் காப்பாற்றியது நாங்கள் ஒரு மணி நேரம் விவாதித்த பொருட்களில் எதுவும் இல்லை, அவருடைய சொந்தத் தசைதான். முதுகில், தசை எடுத்த இடத்தில் நீர் கட்டிக்கொண்டதால் மூன்று முறை ஊசியால் இழுக்க வேண்டியிருந்தது. அங்கே வைத்த குழாயை அவசரப்பட்டு எடுத்துவிட்டோம்.

ஐந்தாவது மாதம் வேலைக்குத் திரும்பினார்.

பதினோராவது மாதம்

வழக்கமான பரிசோதனைக்கு வந்தவர் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது கதவருகே நின்றார். “டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? ரம்பம் தள்ளும்போது உள்ள ‘டிக்’குனு ஒரு சத்தம் வருதுங்க. வலி ஒண்ணும் இல்ல.”

எக்ஸ்ரே எடுத்தோம். மேல் பாலத்தின் உள்முனையில் இரண்டு திருகுகளும் பின்வாங்கியிருந்தன. தகட்டின் நுனி மார்பெலும்பிலிருந்து 5 மி.மீ. எழும்பி நின்றது. கீழ்ப் பாலம் ஆடாமல் அசையாமல் இருந்தது. புற்று திரும்பியதற்கான தடயம் சிடியில் இல்லை.

படத்தை அவரிடம் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “ஓரத்துல ரெண்டே திருகு போட்டா பலகை நிக்காதுங்களே” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, தொழில்காரர் தொழில்காரரிடம் சொல்வதுபோல்தான் சொன்னார். என்னிடம் பதில் இல்லை. தகடு கழலவோ உடையவோ கூடும் என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருந்தது. ஆனால் அறுவை முடிந்த பின், மேல் பாலத்துக்கு இரண்டு திருகுதான் கிடைத்தது என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சத்தம் முதல் நாள் கேட்டபோதே வந்திருப்பார். மூன்று மாதம் காத்திருந்தாராம்.

உடனே எடுக்க வேண்டிய அவசரம் இல்லாததால் முதலில் கவனித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். 13-ஆவது மாதம் திருகின் தலை தோலடியில் தட்டுப்பட ஆரம்பித்தது. தோலைத் துளைத்தால் கிருமிக்கு நேர்வழி திறந்துவிடும். எனவே சிறு கீறலில் மேல் பாலத்தை மட்டும் எடுத்தோம். அடியில் விரிப்பைச் சுற்றி நார்த்திசு தோல்பலகை போல் இறுகியிருந்தது. மயக்கம் தெளிந்தபின் அந்த இடம் மூச்சோடு உள்வாங்குகிறதா என்று பார்த்தோம், இல்லை. இரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார்.

இதை எழுதும்போது மூன்று ஆண்டு முடிந்திருக்கிறது. புற்று திரும்பவில்லை. மூச்சுத்திறன் அறுவைக்கு முன்பிருந்ததைவிடச் சற்றுக் குறைவு, அன்றாட வேலைக்கு அது தடையாக இல்லை. கைரம்பத்தை விட்டுவிட்டார்.

அடுத்த முறை

பொருள் தேர்வு தவறு என்று நான் நினைக்கவில்லை. சிமென்ட் பலகை வைத்திருந்தால் 14-ஆம் நாள் எப்படி முடிந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எடுத்தாக வேண்டிய நிலை வந்திருந்தால் முழுச் சுவரையும் இழந்திருப்போம். இங்கே ஒரு பாலத்தை மட்டும் கழற்ற முடிந்தது.

மாற்ற வேண்டியது ஊன்றும் இடத்தைப் பற்றிய கணக்கு. இப்போதெல்லாம் சிடி படத்தில் வெட்டும் கோட்டை இரண்டாக வரைகிறோம். ஒன்று எதிர்பார்க்கும் கோடு, இன்னொன்று 2 செ.மீ. கூடுதலாகப் போனால் வரும் கோடு. இரண்டாவது கோட்டுக்கு அப்பால் மூன்று திருகுக்கு எலும்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம். இல்லை என்றால் மறுபக்கம் வரை நீளும் தகடு அரங்கில் தயாராக இருக்கும், அல்லது அந்தப் பாலம் வேண்டாம் என்று காலையிலேயே முடிவாகியிருக்கும். ஐந்தாவது மணி நேரத்தில் எடுக்கும் முடிவை முதல் மணி நேரத்துக்கு முன்பே எடுத்து வைப்பது என்று சொல்லலாம்.

இரண்டு பாலம் தேவைதானா என்ற கேள்வியும் இருக்கிறது. மேல் பாலம் போன பின்னும் சுவர் நின்றது உண்மை. ஆனால் 13 மாத நார்த்திசுவின் மேல் நின்றது. முதல் வாரத்தில் ஒரே பாலம் போதுமானதாக இருந்திருக்குமா என்பதற்கு இந்த ஒரு நிகழ்வு விடையாகாது. மூத்தவர் இன்னும் சாண்ட்விச்சைத்தான் சொல்கிறார்.

பிளாஸ்டிக் சர்ஜனை இப்போது முதல் கூட்டத்துக்கே அழைக்கிறோம், முதுகுக் குழாயைக் கூடுதல் நாள் வைக்கிறோம். அறுவைக் குறிப்பில் ஒவ்வொரு முனையிலும் எத்தனை திருகு, எது ஓரத்தில், எது நம்பகம் என்பதை எழுதி, வீட்டுக்குப் போகும்முன் நோயாளியிடமும் அதைப் படம் வரைந்து காட்டுகிறோம். சத்தம் கேட்டால் காத்திருக்காமல் வரச் சொல்கிறோம்.